பராக்குக்காரியின் சொல்

கோட்டைக் கொடிமரத்தில் கொடி ஏறிய அந்தக் காலையில், இருசம்மாளின் அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்து தீயை அணைத்துவிட்டது.

அவள் அடுப்புக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தாள். கையில் அகப்பைகூட இருந்தது. மனசுதான் அங்கே இல்லை.

"இன்னாடி, எந்த ஊருக்குப் போயிருந்தே?" வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓரகத்தி கஸ்தூரியம்மாள் கேட்டாள்.

இருசம்மாள் சட்டென்று திரும்பினாள். அணைந்த அடுப்பைப் பார்த்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பொன்னேரிச் சந்தைக்கு, அக்கா," என்றாள். வளையல்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாளாம். பச்சை வளையல். படியாமல் எழுந்து வருகிற நேரத்தில் கஸ்தூரியம்மாளின் குரல் கேட்டதாம்.

கஸ்தூரியம்மாள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

கோட்டைக்குப்பத்தில் இருசம்மாளுக்குப் பராக்குக்காரி என்றே பேர். குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு தன் வீட்டைத் தாண்டிக் குப்பத்தின் கடைசிவரை நடந்துபோனவள் அவள். காயப்போட்ட கருவாட்டுக்குக் காவல் உட்கார்ந்து, காக்கைகள் பாதியைத் தின்றுவிட்டுப் போனபின் கையில் குச்சியோடு எழுந்தவள். யாராவது கேலி செய்தால் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

ஆனால் நான்கு நாளாக அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடுகிறது. காரணம் அவள் புருஷன் தருமன்.

நான்கு நாளைக்கு முன்னால் ஏரியில் வலை இழுக்கப் போன தருமன், மார்பளவு தண்ணீரில் அசையாமல் நின்றுவிட்டான். பொழுது சாயும்வரை நின்றான். வலை தன் பாட்டுக்கு மிதந்து போய்விட்டது. இருசம்மாள் தண்ணீரில் இறங்கிப் போய்த் தோளைத் தொட்டபோது, பத்து வருஷம் குடித்தனம் நடத்திய மனுஷன் அவள் முகத்தைப் பார்த்து, "யாரு நீ?" என்று கேட்டான். கேட்டது மறுநாள் அவனுக்கே நினைவில் இல்லை.

இதை அவள் யாரிடம் சொன்னாலும் சிரித்தார்கள். பெண்டாட்டி நோவு புருஷனுக்கு ஒட்டிக்கொண்டது என்றார்கள். கஸ்தூரியம்மாள் மட்டும் சிரிக்காமல், ஏரியில் ஏதோ காற்று அடித்திருக்கும், வேப்பிலை வைத்து மந்திரித்தால் போய்விடும் என்றாள். அவள் புருஷனும் தருமனின் அண்ணனுமான வரதனோ, சம்சாரிக்கு ஆயிரம் யோசனை இருக்கும் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்.

இன்று கப்பல் வந்துவிட்டது. கொடி ஏறினால் அதுதான் அர்த்தம். ஒல்லாந்து தேசத்திலிருந்து வந்து கோட்டையில் இருக்கும் உலாந்தாக்காரர்களின் கப்பல் கரைக்கு வராது. ஆழத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். துணி மூட்டைகளும் குடிதண்ணீர்ப் பீப்பாய்களும் குப்பத்துச் சலங்குகளில்தான் போக வேண்டும். ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு சலங்கு. அலை அடித்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும்.

வரதனுடைய சலங்குக்குத் தண்டல், தருமன். பின்பக்கத்தில் நின்று நீளத் துடுப்பால் படகைத் திருப்புகிறவன்தான் தண்டல். பத்துப் பேர் துடுப்புப் போடுவார்கள். எப்போது போடுவது, எப்போது நிறுத்துவது என்பது அவன் வாயில் இருக்கிறது. கரையோர அலை மூன்று வரிசை. ஒரு மூச்சு நேரம் தப்பினால் படகு குறுக்கே திரும்பிவிடும். குறுக்கே திரும்பிய படகு கவிழாமல் வந்ததாக அந்தக் கரையில் யாரும் சொன்னதில்லை.

இருசம்மாள் மறுபடி அடுப்பை மூட்டிக் கஞ்சியை இறக்கி எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.

தருமன் அங்கே தென்னங்கயிற்றை முறுக்கேற்றிக்கொண்டிருந்தான். ஒரு முனை மரத்தில் கட்டியிருந்தது. மறுமுனை அவன் உள்ளங்கையில் இரண்டு சுற்று. பின்னுக்குச் சாய்ந்து இழுத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. கயிறு கையை அறுத்து, ரத்தம் முழங்கைவரை வடிந்து மண்ணில் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்தாய்யா," என்றாள்.

அவன் திரும்பவில்லை. பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள். தொட்டது அவனுக்குத் தெரியவே இல்லை. இமை மட்டும் எப்போதாவது ஒரு தடவை மூடித் திறந்தது.

பராக்கு என்றால் என்ன என்று அந்தக் குப்பத்தில் அவளைவிட யாருக்குத் தெரியும்? எத்தனை தூரம் போயிருந்தாலும், காலில் ஓர் எறும்பு கடித்தால் அவள் வந்துவிடுவாள். இது அது இல்லை.

கயிற்றை மரத்திலிருந்து அவிழ்த்துவிட்டாள். குடத்துத் தண்ணீரை அவன் கைமேல் ஊற்றினாள். அந்தக் கையை எடுத்து ஈர மண்ணில் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். என்ன சொல்வது என்று தெரியாமல், கண்ணில் பட்டதை எல்லாம் சொன்னாள். இது நம்ம வூடு, இது நான் இருசா, தோ அந்தண்ட உன் வலை, தோ கஞ்சி.

வெகுநேரம் கழித்து அவன் கண்ணுக்குள் ஆள் வந்தது.

குனிந்து மண்ணைப் பார்த்தான். "யாரு ரத்தம் இது?"

அவனே தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். இப்பொழுதுதான் உட்கார்ந்தேன் என்றான். கஞ்சியில் ஆடை கட்டி ஆறிப்போயிருந்ததை அவள் காட்டினாள். அவன் நம்ப முடியாமல் அதையே பார்த்தான்.

கஸ்தூரியம்மாள் தன்னைக் கேட்ட கேள்வியை இருசம்மாள் அவனிடம் கேட்டாள். "எங்க போயிருந்தே?"

தருமன் யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் வெளுத்தது.

"எங்கயும் போவல. தோ, அந்தக் கூரை மேல நின்னுகினு இருந்தேன். கீழ ஒருத்தன் கயிறு இழுத்துகினு இருந்தான். அவன் கை அது. என்னோடது இல்ல."

அதன்பிறகு அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். இது புதிது இல்லை. மூன்று வருஷமாக இருக்கிறது. பஞ்ச வருஷத்திலிருந்து. முதலில் மழைக்காலத்துக்கு ஒரு தடவை, இரண்டு தடவை. பக்கத்தில் இருப்பவர்கள் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும், பிறகு ஒன்றுமே இருக்காது. கப்பல் நாகப்பட்டினத்தை விட்டுக் கிளம்பிவிட்டது என்று போன வாரம் சேதி வந்தது. அன்றுமுதல் தினம் வருகிறது.

இன்றைக்குச் சலங்கில் ஏற வேண்டாம் என்று இருசம்மாள் சொன்னாள். துடுப்பைப் பிடித்தால் சரியாகிவிடும் என்றான் அவன். அண்ணனிடம் சொல்லிவிடாதே என்றும் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தண்டல்ங்கற பேரும் போச்சுன்னா, அப்புறம் நான் யாரு?"

அவள் தன் முந்தானையைக் கிழித்து அவன் கையில் கட்டுப் போட்டாள். சொல்லமாட்டேன் என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

கரையில் வேலை மும்முரமாக இருந்தது. சலங்கைத் தண்ணீர் ஓரத்துக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். பலகை இடுக்கில் வைக்கோலைத் திணித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவில் வரதன் நின்றிருந்தான். குட்டையான, அகலமான மனிதன். காற்றையும் அலையையும் பார்த்துப் பார்த்து ஒரு கண் எப்போதும் இடுங்கியே இருக்கும்.

இருசம்மாள் நாலடி தள்ளி நின்று, தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். கயிறு கையை அறுத்ததைச் சொன்னாள். மூன்று தடவை கூப்பிட்டதைச் சொன்னாள்.

வரதன் முழுசாகக் கேட்கவில்லை. இந்த அலையைத் தருமனை விட்டால் யார் தாண்டுவது என்றான். சின்ன வயசிலிருந்தே அவன் அப்படித்தான், சோற்றுக்கு உட்கார்ந்தாலும் கடலையே பார்த்துக்கொண்டிருப்பான் என்றான். கடைசியில், "சொல்றது யாரு? அடுப்புல கஞ்சி பொங்கறது தெரியாதவ," என்றான். வைக்கோல் திணித்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

வேறொரு நாளாக இருந்தால் அவளும் சிரித்துவிட்டுத் திரும்பியிருப்பாள்.

"நான் பராக்குக்காரிதான் மாமா. அதனாலதான் சொல்றேன்," என்றாள்.

குரல் உயரவில்லை. ஆனால் சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

"நான் போனா எங்க போனேன்னு எனக்குத் தெரியும். வந்து அந்த ஊர் சங்கதியச் சொல்வேன். அக்கா ஒரு வாட்டி கூப்பிட்டா வந்துருவேன். கை சுட்டுச்சுன்னா கை தானா வந்துரும். வேலை சலிச்சா போறேன், புடிச்சிருக்கு, போறேன். உங்க தம்பி அப்பிடி இல்ல. கை அறுந்தது தெரியல. பொழுது போனது தெரியல. எங்க போனேன்னு கேட்டா, சொல்றதுக்கு ஒரு ஊரு இல்ல அவருக்கு. அவரு போறதில்ல மாமா. அவரத் தூக்கினு போவுது."

வரதன் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, வீட்டுக்குப் போ என்றான்.

அவள் போகவில்லை. இந்தப் படகில் பத்துப் பேர் ஏறுகிறார்கள், பத்து வீட்டுக்கும் போய் இதைச் சொல்லிவிட்டு வருகிறேன், அதற்கப்புறம் யார் ஏறுகிறார்கள் என்று பாருங்கள் என்றாள். அதையும் சத்தம் போடாமல்தான் சொன்னாள்.

"என் தம்பிய ஊரு முன்னால அசிங்கப்படுத்துவியா?"

"உசுரோட இருக்கட்டும் மாமா. அசிங்கம் இன்னா, பட்டுக்கலாம்."

வரதன் அவளை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தம்பி பெண்டாட்டி எதிரே நின்று இத்தனை வார்த்தை பேசி அவன் கேட்டதில்லை. அவன் வரட்டும், என் கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வைக்கோல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தருமன் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. கரையில் நிற்கும் இருசம்மாளைப் பார்த்தான். அவள் சொல்லிவிட்டாள் என்பது அவனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ச் சலங்கின் பின்பக்கம் தன் இடத்தில் நின்றுகொண்டான். கட்டுப் போட்ட கையைப் பலகைமேல் வைத்தான். தெளிவாகத்தான் இருந்தான். காற்று தெற்கே திரும்புகிறது, கொஞ்சம் பொறுத்து விடலாம் என்று அண்ணனிடம் சொன்னான். வரதன் வெற்றி பெற்றவன்போல இருசம்மாளைத் திரும்பிப் பார்த்தான்.

கோட்டையிலிருந்து வந்த கூலியாட்கள் பீப்பாய்களை உருட்டிக்கொண்டு வந்தார்கள். அவற்றைக் கப்பலில் தூக்கி ஏற்றுவதற்கான இரும்புச் சங்கிலியை ஒருவன் தோளிலிருந்து படகுக்குள் இறக்கினான். பலகைமேல் அது சரசரவென்று ஓடி விழுந்தது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் தருமன் போய்விட்டான்.

வெளியே ஒன்றும் மாறவில்லை. அதே இடத்தில், அதேபோல நின்றான். வரதன் வடத்தைத் தளர்த்தச் சொன்னான். தருமனின் கை வடத்துக்குப் போகவில்லை. ஓர் அலை வந்து தருமனின் இடுப்பில் மோதியது. அலைக்கு முழங்காலை மடக்கிக் கொடுப்பது அந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும், அவன் மடக்கவில்லை. மரம்போலச் சாய்ந்தான், பலகை தாங்கிக்கொண்டது.

வரதன் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான். மூன்றாவது தடவை கூப்பிட்டுக்கொண்டே தண்ணீரில் சுற்றி வந்து அவன் முகத்துக்கு நேரே நின்றான்.

கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பியை அவன் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறான். இந்தக் கண் கடலைப் பார்க்கவில்லை. எதையும் பார்க்கவில்லை. வரதனின் கை தானாகத் தம்பியின் தோளைப் பிடித்தது, உலுக்கப் போனது, பாதியில் நின்றது.

"இருசா," என்றான். "இன்னா பண்ணணும்?"

அவள் அதற்குள் தண்ணீரில் இறங்கியிருந்தாள். உலுக்க வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மெதுவாகக் கரைக்கு நடத்தி வந்து ஈர மணலில் உட்கார்த்தினார்கள். அவள் அவன் கையை மணலில் புதைத்து வைத்துக்கொண்டாள். இது கோட்டைக்குப்பத்துக் கரை, இது உன் அண்ணன், நான் இருசா, இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்றாள். சொல்லி முடித்து, முதலிலிருந்து சொன்னாள். வரதனையும் பேசச் சொன்னாள். அவனுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. "காத்து தெக்க திரும்புதுன்னு சொன்னியே, திரும்பிடுச்சுடா," என்றான்.

தருமன் கண்ணை மூடித் திறந்தான். அண்ணனைப் பார்த்தான். சுற்றி நிற்கிறவர்களைப் பார்த்தான். என்ன நடந்திருக்கும் என்பது புரிந்து தலையைக் குனிந்துகொண்டான்.

வரதன் எழுந்து, கூட்டத்தைப் பார்த்து, தம்பிக்குக் கை அறுந்திருக்கிறது, அந்தக் கையோடு துடுப்புப் பிடிக்க முடியாது, இன்றைக்கு நான் பிடிக்கிறேன் என்று சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லை. யாரும் மறுகேள்வி கேட்கவில்லை. போகும்போது குனிந்து தம்பியின் தலைமேல் கையை வைத்துவிட்டுப் போனான்.

வரதன் தண்டல் துடுப்பைத் தொட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. முதல் வரிசை அலையில் சலங்கு செங்குத்தாக நின்றது. பீப்பாய்கள் உருளும் சத்தம் கரைவரை கேட்டது. கஸ்தூரியம்மாள் ஓடி வந்து இருசம்மாளின் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். தருமன் உட்கார்ந்த இடத்திலேயே, இரு, இரு, இப்ப போடு என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அவன் கை மணலுக்குள் துடுப்பைத் திருப்பிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவன் கண்ணில் முழுசாக ஆள் இருந்ததை இருசம்மாள் பார்த்தாள். இரண்டாவது வரிசை. மூன்றாவது. படகு தாண்டிவிட்டது.

கஸ்தூரியம்மாள் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள். பிறகு, இனிமேல் உன்னை யாராவது பராக்குக்காரி என்று சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள். இருசம்மாள்தான் அவளைத் தேற்றி வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது.

பிற்பகலில் கரை வெறிச்சோடிவிட்டது. மேடேற்றி வைத்திருந்த கட்டுமரத்தின் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். வறுத்த மடவை மீனும் சோறும் கொண்டுவந்திருந்தாள். அவன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சொன்னதற்குக் கோபமா என்று அவள் கேட்டாள். காலையில் இருந்தது, அண்ணன் துடுப்பை வாங்கிக்கொண்டபோது போய்விட்டது என்றான். துடுப்பு கையைவிட்டுப் போனதும் தோள் லேசாகிவிட்டது, அது தனக்கே வெட்கமாக இருக்கிறது என்றான்.

தூரத்தில் கப்பலின் பாய்மரங்கள் தெரிந்தன. அவன் அதைப் பார்க்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

பஞ்ச வருஷத்தில் என்ன நடந்தது என்று குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஒரு மரக்கால் அரிசிக்குத் தங்களையே விற்றுக்கொண்டவர்கள் கூட்டம் கூட்டமாக இந்தக் கரைக்கு வந்தார்கள். அவர்களைக் கப்பலுக்குக் கொண்டுபோனது குப்பத்துச் சலங்குகள்தான். தருமன் எத்தனை நடை போனான் என்று இருசம்மாள் அன்று கேட்டதில்லை. அவன் கொண்டுவந்த அரிசியைச் சமைத்தாள்.

"ஒரு நடையில, என் காலுக்குப் பக்கத்துல ஒரு பொம்பள உக்காந்திருந்தா," என்றான். "கால்ல சங்கிலி. அலையத் தாண்டற நேரம். என்னக் கூப்பிட்டா. நான் திரும்பல. அலையப் பாக்கணும்ல. மறுபடி கூப்பிட்டா. அப்பத்தான் மொத வாட்டி நான் மேல போனேன். கீழ ஒருத்தன் துடுப்பப் புடிச்சினு நிக்கறான். நல்லா ஓட்டறான். ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வரல."

இருசம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பேரு சொல்லியா கூப்பிட்டா?"

தருமன் தலையை ஆட்டினான்.

"இல்ல. மாப்பிள்ளேன்னு கூப்பிட்டா."

அலை வந்து போனது. இன்னொன்று வந்தது.

தருமனை அப்படிக் கூப்பிடும் ஊர் உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. ஏரிக்கு அப்பால் சுண்ணாம்புக்குளம். இருசம்மாள் பிறந்த ஊர். அந்தப் பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி தேடி அங்கிருந்து கிளம்பியவர்களில் ஐந்து பெண்கள் திரும்பவில்லை. அவளுடைய சித்தி. சித்தியின் மகள். கூடப் பிறந்த அக்கா. இன்னும் இரண்டு பேர். தெற்கே எங்கோ பிழைத்துக் கிடப்பார்கள் என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்கிறது.

என்ன வயசு இருக்கும்? குரல் எப்படி இருந்தது? கேட்க வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் இமைகள் மெதுவாகத் துடிக்கத் தொடங்கியிருந்தன. பார்வை கப்பலின் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. இப்போது கேட்டால் அவன் போய்விடுவான். எங்கே என்று அவனுக்கே தெரியாத இடத்துக்கு.

அவள் கேள்வியை விழுங்கினாள். அவன் உள்ளங்கையை மணலில் வைத்து அழுத்தினாள். உங்க அண்ணன் படகு திரும்பி வருது பாரு, எந்த அலையில உள்ள வரணும்னு சொல்லு என்றாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். கண் நிலைகொண்டது. இதை விட்டுரு, இதையும் விட்டுரு என்று சொல்லத் தொடங்கினான்.

சலங்கு மணலில் முட்டி நின்று, வரதன் உடம்பெல்லாம் உப்புத் தண்ணீரோடு இறங்கி, தம்பியைப் பார்த்துத் தூரத்திலிருந்தே கையைத் தூக்கிக் காட்டும்வரை அவள் தருமனின் கையை விடவில்லை. பிறகு சோற்றுச் சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குக் காத்தால சுண்ணாம்புக்குளம் வரைக்கும் போயிட்டு வரேன்," என்றாள்.

தருமன் எதற்கு என்று கேட்கவில்லை. அங்கே ஐந்து பேருக்காக இன்னும் காத்திருக்கிறார்கள் என்பது அவனுக்கும் தெரியும்.